விழுந்து காட்டிய ஏகாம்பரம்

செல்வி என்னைப் போனில் அழைத்தபோது நான் அனந்தபுரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். "செஞ்சி, திண்டிவனம் ரோடு, நீச்சல் குளம் இருக்கிற விளையாட்டு மையம். ஒருத்தர் விழுந்து கெடக்காரு. கூப்ட்டா பேசல. மூச்சு இருக்கிற மாதிரி தெரியல" என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

எனக்குப் பதற்றம் எதுவும் வரவில்லை. அந்த வாக்கியத்தை அவள் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் மையத்தில் விபத்து ஒத்திகை நடக்கும்போது ஆம்புலன்ஸ்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக, நூற்றியெட்டுக்குப் பதிலாக என் நம்பருக்குத்தான் பேசுவார்கள். வரவேற்பில் இருக்கும் செல்வி பேசுவாள்; ஷட்டில் பயிற்சியாளனான நான் நூற்றியெட்டாக நடித்துப் பதில் சொல்வேன். விழுந்து கிடப்பவராக நடிப்பது மேனேஜர் ஏகாம்பரத்தின் பங்கு. அன்றும் வழக்கப்படி நான் கேள்விகளைக் கேட்டேன். என்ன வயது இருக்கும், நெஞ்சை அழுத்த ஆள் இருக்கிறாரா, கேட்டைத் திறந்தாயிற்றா, ரோட்டில் யார் நிற்கிறார்கள். அவளும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். நடுவில் நான் ஒரு வாய் டீயும் குடித்தேன்.

அப்போதுதான் ஏதோ குறைவதாகப் பட்டது. எங்கள் ஏகாம்பரத்துக்கு வாயை மூடிக்கொண்டு கிடக்கத் தெரியாது. தரையில் கிடந்தபடியே "கேட்டு! கேட்டு தொறக்க யாரு போனது?" என்று கத்துவார். செல்வியின் குரலுக்குப் பின்னால் அந்தக் குரல் எப்போதும் கேட்கும். அன்று கேட்கவில்லை.

"இன்னாம்மா, அவரு சத்தத்தையே காணோம்?" என்றேன்.

"அவரு பேசல மாஸ்டர். நெஜமாவே பேசல. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன், வண்டி வந்துட்டு இருக்குது. உங்களுக்கு எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரியல" என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஏகாம்பரம் போய்விட்டார்.

மையத்துக்கு வந்துபோகும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவரைத் திட்டியிருப்பீர்கள். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நேரே குளத்தில் குதிக்க வந்தவர்களை அவர் ஷவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "எண்ணெ உங்க தலைக்கு நல்லது சார், என் தரைக்கு ஆவாது" என்பார். கேட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு விளையாட வந்தவரைத் தேடிக்கொண்டு, ஆட்டம் நடக்கும்போதே ஷட்டில் கோர்ட்டின் நடுவில் வந்து நின்றிருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மேட்ச் பாயிண்டில் வந்து நின்றால் யாருக்குத்தான் வராது? அவர் கவலைப்பட்டதில்லை. பைக் நகர்ந்தால்தான் அவரும் நகர்வார்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலின் நீச்சல் குளத்தில் பல வருடம் இருந்துவிட்டுச் சொந்த ஊரோடு வந்து சேர்ந்தவர் அவர். எங்கள் முதலாளி அரிசி மில் குடும்பம். ஆசைப்பட்டுக் குளமும் கோர்ட்டும் ஜிம்மும் கட்டி முடித்த பிறகுதான் இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்தார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான். அப்படி அலைந்து அவர் கண்டுபிடித்த அங்குசம் ஏகாம்பரம். கடைசியில் அது முதலாளியையே அதிகம் குத்தியது என்பது வேறு விஷயம்.

வந்த புதிதில் ஒரு மாலை, குளத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் இருக்கும் நடைபாதையில் ஏகாம்பரம் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். ஈரமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சாய்ந்து படுத்து, "நான் விழுந்துட்டேன்" என்று அறிவித்தார்.

என்ன செய்வதென்று எங்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் ஏதாவது செய்தோம். ஒருவர் பைக் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். இன்னொருவர் படுத்திருந்தவர் வாயில் தண்ணீரை ஊற்றப் போனார். சுற்றி நின்று காற்றை மறைத்தபடியே, காற்று வரட்டும் என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டோம். வாட்ச்மேன் நடராஜன் கூச்சலைக் கேட்டுத் திருடன் என்று நினைத்து, ஓடிப்போய் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார். போன் செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க. ஆனா நான் செத்துட்டேன்" என்றார். அப்புறம், "முடிஞ்சுது. டீ சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு வேலை ஆனது. உயிர்காப்பாளர் அய்யனார் நெஞ்சை அழுத்துவான். செல்வி போன் பேசுவாள். நடராஜன் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து, வழியில் நிற்கும் வண்டிகளை நகர்த்தி, சிவப்புத் துண்டோடு ரோட்டுக்குப் போய் நிற்பார். எந்த நாளில், எந்த வேளையில் மேனேஜர் விழுவார் என்று யாருக்கும் தெரியாது. ஜிம் வாசலில் விழுவார், படிக்கட்டில் விழுவார், ஒருமுறை பெண்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே விழுந்து உள்ளே இருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே விழப்போகிறார் என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட, பிறகு கண்ணாடியோடு விழ ஆரம்பித்து ஒரு கண்ணாடியை உடைத்தும் வைத்தார். வீட்டிலும் ஒருநாள் சமையலறையில் விழுந்து காட்டியிருக்கிறார். அவர் மனைவி தனலட்சுமி அண்ணி கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று வைத்தார்களாம்.

எனக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரு பயம் இருந்தது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற மனிதர். ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"புலி வருது, புலி வருதுன்னு தெனம் சொன்னா, நெஜமா வர்றன்னிக்கு எவன் வருவான், மேனேஜர்? நாளைக்கு உங்களுக்கே ஒண்ணுன்னா எல்லாரும் நின்னு சிரிப்பானுங்க."

அவர் அதை யோசித்துப் பார்த்தவர்போலத்தான் பதில் சொன்னார். "சிரிக்கட்டும் மாஸ்டர். சிரிச்சிக்கினே ஓடி வரட்டும். நான் நடிக்கறேனா இல்லியான்னு கண்டுபிடிக்கறது உங்க வேலை இல்ல. நானா எழுந்து முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் அது நெஜம்தான்."

அதுதான் எங்கள் சட்டமாயிற்று. ஆனால் என் பயம் போகவில்லை. ஒவ்வொரு முறை அவர் விழும்போதும், யாராவது நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்றுதான் என் கண் தேடும். சாகிற மாதிரி நடிப்பதில் அப்படி என்ன ஆசை என்று எரிச்சலோடு கேட்டால், "ஒரு தபா கீழ படுத்துப் பாருங்க, தெரியும்" என்பார். மேற்கொண்டு விளக்கம் சொல்ல மாட்டார்.

மாலையில் ஷட்டர் இறக்குவதற்கு முன்னால் எல்லோரும் அதன் அடியில் வந்து நிற்பது அவர் ஏற்படுத்திய இன்னொரு வழக்கம். அன்று மையத்தில் நடந்ததையும் நடக்க இருந்து தப்பியதையும் அங்கே சொல்ல வேண்டும். பார்த்தது, செய்தது, விட்டது என்று மூன்றே தலைப்பு. விட்டதைச் சொன்னால் திட்டு கிடையாது. சொல்லாமல் விட்டால்தான் உண்டு. தரையில் எண்ணெய் வழுக்கியது, ஜிம்மில் கம்பி நழுவிக் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பெரும்பாலும். ஒருநாள் செல்வி, "ஒத்திகைக்கு மாஸ்டர் நம்பரையே போட்டுப் போட்டு வெரலு அதுக்குப் பழகிடுச்சு சார். நெஜமா ஒண்ணு ஆனா அப்பவும் மாஸ்டருக்குதான் போடுவேன்" என்றாள். ஏகாம்பரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேர்வில் மகள் முதலிடம் வந்ததுபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன்பிறகு ஒத்திகையிலும் முதலில் போனில் நூற்றியெட்டை அடித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும், காட்டி அழித்த பிறகுதான் எனக்குப் பேச வேண்டும் என்று மாற்றினார்.

எல்லாம் சின்ன விஷயங்களாகவே இருந்துவிடவில்லை. காலையில் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. அந்த நேரத்தில் அய்யனார் மறைப்புக்கு வெளியேதான் உட்காருவான். குளத்தோரம் செல்வி இருப்பாள். அவளுக்கு நீந்தத் தெரியாது என்பதை நாங்கள் யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. வல்லத்திலிருந்து வரும் ஓர் ஆசிரியைக்கு ஆழமான பக்கத்தில் தொடை பிடித்துக்கொண்டு, உள்ளே போய்விட்டார். செல்வி விசிலை ஊதிக்கொண்டே நீள மூங்கிலை நீட்ட, எப்படியோ அதைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குடித்ததோடு போயிற்று. ஆட்டோவில் வீட்டுக்கும் போய்விட்டார்.

வெளியே தெரியாது, விட்டுவிடுங்கள் என்றார் முதலாளி. ஏகாம்பரம் என்னையும் இழுத்துக்கொண்டு வல்லத்துக்குப் போனார். அந்த அம்மாவின் கணவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஏகாம்பரம் நின்றபடியே, என்ன நடந்தது, எங்களிடம் என்ன தவறு என்று ஒன்று விடாமல் சொன்னார். அவர் கத்தினார், இவர் கேட்டுக்கொண்டார். திரும்பும் வழியில், ஓய்ந்த வம்பை வீடு தேடிப்போய் எழுப்புவானேன் என்று நான் கடிந்துகொண்டேன். "நாம சொல்லித் தெரிஞ்சா கோவம், மாஸ்டர். அடுத்தவன் சொல்லித் தெரிஞ்சா பகை" என்றார்.

மறுநாள் வாசல் போர்டில் அவர் சாக்பீஸால் எழுதியிருந்ததை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். யார் பெயரும் இல்லாமல் நடந்ததை எழுதி, நீந்தத் தெரிந்த ஒரு பெண் குளத்தோரம் வரும்வரை பெண்கள் வகுப்பு கிடையாது என்று முடித்திருந்தார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. நம் கடை வாசலில் நாமே கரி பூசிக்கொள்வதா என்று கேட்டார். உடனே அழிக்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். ஏகாம்பரம் குரலை உயர்த்தவில்லை. ஈரத்துணியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"அழிச்சிடுங்க மொதலாளி. அழிச்சிட்டு நாளைலேருந்து கொளத்தாண்ட நீங்களே ஒக்காருங்க."

முதலாளி துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். சில குடும்பங்கள் வருவதை நிறுத்தின. திண்டிவனத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வந்து செல்விக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். கரையைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சல் கோட்டை மலை வரைக்கும் கேட்டிருக்கும். வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று முதல் ஆளாக வந்து இறங்கியவர் அந்த வல்லத்து ஆசிரியைதான். அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர் அந்தக் கணவர். ஏகாம்பரத்தைப் பார்த்து அவர் தலையை மட்டும் அசைத்தார், இவரும் அசைத்தார்.

வெளியிலும் அவர் இப்படித்தான். அனந்தபுரத்தில் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்தவர் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்தின் பின்வாசலைப் பார்த்தார். அதை மறைத்து நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வேறு பக்கம் வைக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டுக்காரன் எங்கள் நாற்காலியையெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறான் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சமாதானம் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவரோ சாவதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி அந்த நாளைப் பற்றி. நான் அங்கே இல்லை. அன்று நடந்தது எனக்கு முழுமையாகத் தெரிந்தது ஷட்டரடியில்தான். காரியம் முடிந்து மையத்தைத் திறந்த அன்று மாலை, யாரும் கூப்பிடாமலே எல்லோரும் வந்து நின்றார்கள். முதலாளியும் வந்து ஓரமாக நின்றார். தலைமை தாங்க ஆள் இல்லை. அய்யனார் தானாகவே ஆரம்பித்தான்.

நடைபாதையின் முடிவில் மேனேஜர் சரிந்ததை அவன்தான் முதலில் பார்த்திருக்கிறான். ஷட்டில் ஆட வந்தவர்களில் ஒருவர், இன்றைக்கு நன்றாக நடிக்கிறாரே என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அய்யனாரும் சிரித்துக்கொண்டேதான் ஓடியிருக்கிறான். "நெஜமா பொய்யான்னு நான் யோசிக்கவே இல்ல. ஒத்திகையில நெஞ்சுமேல கைய வெச்சா சாருக்குக் கூச்சம் தாங்காது, நெளிவாரு. கைய வெச்சேன். நெளியல. அப்பதான் தெரிஞ்சுது" என்றான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, இவ்வளவு சரியாக அழுத்த உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவனைக் கேட்டிருக்கிறார். படுத்திருந்தவரை அவன் கைகாட்டியிருக்கிறான்.

நடராஜன், கேட்டை ஒட்டி ஒரு பால் வண்டி நின்றதாகவும் அதைக் கத்தி நகர்த்த வேண்டியிருந்ததாகவும் விட்டது கணக்கில் சொன்னார். நான், ஒத்திகை என்று நினைத்து டீ குடித்துக்கொண்டே பேசியதைச் சொன்னேன். செல்வி உடனே மறுத்தாள். நூற்றியெட்டுக்குப் பேசி முடித்ததும் அவளுக்குக் கைநடுக்கம் நிற்கவில்லையாம். நான் வழக்கமான கேள்விகளை வழக்கமான குரலில் கேட்கக் கேட்கத்தான் நின்றதாம். அப்புறம் அவளுடைய முறை வந்தது. பார்த்ததையும் செய்ததையும் சொன்னாள். விட்டதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

"சாரோட செருப்பு அங்கியே கெடந்துது. வண்டியில எடுத்துப் போடல. வெறுங்காலோட அனுப்பிட்டேன்."

அத்தனை வருடமாக நான் பயந்த ஒன்று நடக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புலி வந்த அன்று எல்லோரும் வந்திருக்கிறார்கள். சிரித்தவர்களும் ஓடி வந்திருக்கிறார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை என்பது எங்கள் துக்கம். ஆனால் அவர் நம்பியது பொய்க்கவில்லை. முடிஞ்சுது என்று சொல்ல அன்று யாருக்கும் வாய் வரவில்லை. முதலாளிதான் கடைசியில் டீ சொல்லப் போனார்.

இப்போது ஒத்திகையில் விழுவது நான். நூற்றியெட்டாகப் பேசுவதை முதலாளி தானே கேட்டு வாங்கிக்கொண்டார். முதல்முறையாக விழுந்த அன்று, ஏகாம்பரம் கிடந்த அதே நடைபாதையில் கன்னம் தரையில் படக் கிடந்தேன். அங்கிருந்து பார்த்தால் முகங்கள் தெரிவதில்லை, கால்கள்தான் தெரிகின்றன. குளத்து ஈரம் சொட்டும் அய்யனாரின் வெறுங்கால்கள், செல்வியின் செருப்பு, ராக்கெட்டைப் போட்டுவிட்டு வந்த என் மாணவர்களின் ஷூக்கள். எல்லாம் ஓடி வருகின்றன, எல்லாம் என்னை நோக்கித்தான் ஓடி வருகின்றன. கீழே படுத்துப் பாருங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். சரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அவருடைய கண் திறந்திருந்தது என்று அய்யனார் சொல்கிறான். அப்படியானால் அவர் கடைசியாகப் பார்த்ததும் இதைத்தான். ஏகாம்பரத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது தரையிலிருந்து தெரியும் அந்தக் காட்சி ஒன்றுதான்.

எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் தூரத்தில் நடராஜன் ஒரு பக்கக் கதவை மட்டும் திறந்துவிட்டு ரோட்டுக்கு ஓடுவது தெரிந்தது. என்னையறியாமல், "கேட்டு! ரெண்டு பக்கமும் தொறங்க!" என்று கத்திவிட்டேன். காதில் போனோடு என்னருகே வந்து நின்ற செல்வி, ஏகாம்பரத்திடம் எப்போதும் சொன்னதை என்னிடமும் சொன்னாள்.

"பொணம் பேசக் கூடாது, மாஸ்டர்."